தோளில் லேப்ரம் கிழிசலை எம்.ஆர்.ஐ.யில் கண்டறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தண்ணீர்க் குடத்தை வெறுந்தரையில் வைத்தால் ஆடும். பிரிமணைமேல் வைத்தால் நிற்கும். நம் தோள்மூட்டும் அப்படித்தான். மேற்கை எலும்பின் தலை பெரிய உருண்டை. அது உட்காரும் தோள்பட்டை எலும்பின் குழியோ ஆழமில்லாத சிறு தட்டு. எந்த நேரத்திலும் அந்த உருண்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழியைத் தொடுவதில்லை. குழியின் விளிம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் நார்க்குருத்தெலும்பு வளையம்தான் உருண்டையை நழுவாமல் பிடித்து வைக்கிறது. அந்த வளையத்துக்குப் பெயர் லேப்ரம். 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று பொதுவாகச் சொல்கிறோமே, தோளில் அது சில நேரம் இந்தப் பிரிமணை கிழிந்ததைக் குறிக்கிறது.

நான் கதிரியல் மருத்துவர். தோள் எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்ப்பது என் அன்றாட வேலை. தோள் வலியோடு ஸ்கேனுக்குக் காத்திருப்பவர்கள், அவர்களை அழைத்து வரும் பயிற்சியாளர்கள், பிசியோதெரபிஸ்ட்கள், படம் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். லேப்ரம் கிழிசல் கண்ணில் படாமல் போவதற்கு இயந்திரம் காரணமாக இருப்பது குறைவு. ஸ்கேனுக்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காததும், கையை எப்படி வைத்துப் படம் எடுத்தார்கள் என்பதும்தான் பெரும்பாலும் காரணம். அதனால் இந்த வழிகாட்டி படத்திலிருந்து தொடங்கவில்லை.

முதல் படி: என்ன தேடுகிறோம் என்று முடிவு செய்வது

'வலது தோள் வலி. எம்.ஆர்.ஐ. எடுக்கவும்.' எனக்கு வரும் பரிந்துரைச் சீட்டுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வரிதான் இருக்கும். இதை வைத்துக்கொண்டு லேப்ரத்தைச் சரியாகத் தேட முடியாது.

கதையைக் கேட்டாலே கிழிசல் எந்தப் பக்கம் இருக்கலாம் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். கபடியிலோ பைக் விபத்திலோ கை முன்பக்கமாகக் கழன்று இறங்கியவருக்கு, குழியின் முன்-கீழ் விளிம்பில் தேட வேண்டும். பந்து வீசுபவர், வாலிபால் ஆடுபவர், ஈட்டி எறிபவர் ஆகியோருக்குக் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகும்போது தோளின் உள்ளே ஆழத்தில் வலியும் 'டக்' என்ற சத்தமும் வந்தால், மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும். மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் தசைநாண் வந்து வேரூன்றும் இடம் அது. வலிப்பு வந்தவருக்கும் மின்சாரம் தாக்கியவருக்கும் தோள் பின்பக்கமாகக் கழன்றிருக்கலாம். தோள்பட்டையின் பின்புறத் தசை மட்டும் இளைத்துக் குழி விழுந்திருந்தால், கிழிசல் வழியே கசிந்த நீர் கட்டியாகி நரம்பை அழுத்துகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

மருத்துவர் கையைத் திருப்பியும் அழுத்தியும் செய்யும் பரிசோதனைகள் இந்த ஊகத்தைக் கூர்மையாக்கும். கையைத் தூக்கி வெளிப்பக்கமாகத் திருப்பும்போது 'கழன்றுவிடுமோ' என்ற பயம் முகத்தில் தெரிகிறதா என்று பார்ப்பது அவற்றில் முக்கியமானது. ஆனால் தனியாக ஒரு பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. மேல் விளிம்புக் கிழிசலைக் காட்டும் என்று சொல்லப்படும் பரிசோதனைகள் வேறு கோளாறுகளிலும் வலியைக் கிளப்பும்.

ஆகவே சீட்டில் இவை இருக்கட்டும்: வயது, எந்தக் கை பழக்கம், என்ன வேலை அல்லது விளையாட்டு, அடிபட்ட நாள், எத்தனை முறை கழன்றது, முன்பு அறுவை சிகிச்சை நடந்ததா, மருத்துவருக்கு என்ன சந்தேகம். மருத்துவர் எழுதவில்லையென்றால், ஸ்கேன் மையத்தில் நீங்களே சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

இரண்டாம் படி: முதலில் எக்ஸ்ரே

எக்ஸ்ரேயில் லேப்ரம் தெரியாது. ஆனால் எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், சுண்ணாம்புப் படிவு, மூட்டு சரியான இடத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். நேர்ப் படம் மட்டும் போதாது, அக்குள் வழியாகப் பார்க்கும் கோணமும் வேண்டும். பின்பக்கமாகக் கழன்ற தோள் நேர்ப் படத்தில் இயல்பானதுபோலவே தெரிந்து பலரை ஏமாற்றியிருக்கிறது.

மூன்றாம் படி: சாதாரண எம்.ஆர்.ஐ.யா, மூட்டுக்குள் மருந்து செலுத்தியா?

நோயாளிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "ஊசி போட்டுத்தான் எடுக்கணுமா டாக்டர்?"

லேப்ரம் மூட்டின் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. உலர்ந்த துணிப்பைக்குள் கிழிசல் இருந்தால் மடிப்போடு மடிப்பாக மறைந்துவிடும். பையில் தண்ணீர் நிரப்பினால் கிழிசல் வாய் திறக்கும். எம்.ஆர். ஆர்த்ரோகிராம் செய்வது இதைத்தான். எக்ஸ்ரே திரையையோ அல்ட்ராசவுண்டையோ பார்த்துக்கொண்டே, தோலை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசியால் மூட்டுக்குள் 10 முதல் 12 மில்லி வரை திரவம் செலுத்துவோம். அந்தத் திரவத்தில் கடோலினியம் மருந்து சுமார் 200 மடங்கு நீர்த்த நிலையில் இருக்கும். மூட்டு உறை விரியும், லேப்ரம் சுவரிலிருந்து விலகி நிற்கும், கிழிசல் இருந்தால் பளிச்சென்ற வெள்ளைத் திரவம் அதற்குள் புகும். மருந்தை உடல் உறிஞ்சிக்கொள்வதற்குள், அரை மணி நேரம் போலத்தான், படம் எடுக்கத் தொடங்கிவிட வேண்டும். ஊசி அறை ஒரு கட்டடத்திலும் ஸ்கேன் அறை இன்னொரு கட்டடத்திலும் இருந்தால், இரண்டுக்கும் நேரத்தை முன்கூட்டியே ஒத்திசைத்துக்கொள்வது நல்லது.

எல்லோருக்கும் இது தேவையில்லை. தோள் கழன்ற முதல் சில நாட்களில் மூட்டுக்குள் இரத்தம் கசிந்து நிரம்பியிருக்கும். அதுவே மூட்டை விரித்துக்கொடுப்பதால், அப்போது எடுக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ.யே பல நேரம் போதும். 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அளவு) இயந்திரமும், தோளுக்கென்றே செய்த காயில் எனும் சமிக்ஞை வாங்கும் சுருளும் இருந்தால், ஊசியில்லாத படத்திலும் நிறையத் தெரியும். வயது 50ஐக் கடந்து, மூட்டைச் சுற்றியுள்ள ரொட்டேட்டர் கஃப் தசைநாண்தான் முக்கியச் சந்தேகம் என்றாலும் ஊசி வேண்டியதில்லை.

என் கருத்தில் ஊசி வேண்டியவர்கள் இவர்கள்: அடிபட்டு வாரங்கள், மாதங்கள் கழித்து வரும் இளவயதினர், தோள் திரும்பத் திரும்பக் கழல்பவர்கள், சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அறிகுறி தொடர்பவர்கள், ஏற்கெனவே லேப்ரம் தைத்தவர்கள்.

ஊசிக்குப் பின் இரண்டொரு நாள் தோள் கனத்து வலிக்கும். கிருமித் தொற்று மிக அரிது. முன்பு ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை வந்திருந்தால், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், தோள்மேல் தோலில் புண் இருந்தால், கருவுற்றிருந்தால், கட்டாயம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: ஸ்கேன் அறைக்குள் போகுமுன்

1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப் புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலிமையானது. படம் எடுக்காத நேரத்திலும் அது அணைவதில்லை. பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளை இரத்தக் குழாயில் போட்ட கிளிப் இருந்தால் அந்தந்த அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். இப்போது வருபவற்றில் பல ஸ்கேனுக்கு ஏற்றவைதான், ஆனால் அட்டையைப் பார்க்காமல் உள்ளே அனுப்ப மாட்டோம். வெல்டிங், கடைசல் வேலை செய்பவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நகையைக் கழற்றச் சொன்னால் எல்லோரும் கழற்றிவிடுகிறார்கள். தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்கு, அரைஞாணில் கட்டிய தாயத்து, ரவிக்கையின் கொக்கி ஆகியவைதான் மறந்துபோகின்றன. ஊக்கு இரும்பு, தங்கத்தைவிட அதுதான் ஆபத்து. தாலியைக் கழற்ற மனமில்லாத பெண்களிடம் எங்கள் செவிலியர், ஊக்குகளை எடுத்துவிட்டு மஞ்சள் நூலில் கோத்துக் கட்டிக்கொள்ளச் சொல்வார்.

குழாய்போன்ற அந்த இடத்தில் 20 முதல் 30 நிமிடம் படுத்திருக்க வேண்டும். சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். மூடிய இடம் பயம் என்றால் முன்பே சொன்னால் வழி செய்யலாம்.

ஐந்தாம் படி: கையை வைக்கும் விதம்

மல்லாந்து படுத்து, கை உடம்பை ஒட்டி, கட்டைவிரல் மேலேயோ சற்று வெளிப்பக்கமோ பார்க்க வேண்டும். வலியுள்ளவர்கள் இயல்பாகவே கையை வயிற்றின்மேல் மடித்து வைத்துக்கொள்வார்கள். அப்படி உள்பக்கமாகத் திரும்பினால் முன்பக்க மூட்டு உறை தளர்ந்து சுருண்டு லேப்ரத்தின்மேல் படிந்துவிடும். வயிற்றின்மேல் கை இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் அசைந்து படமும் கலங்கும்.

ஒரு கபடி ஆட்டக்காரரை என்னால் மறக்க முடியவில்லை. வயது 21, ரெய்டு போகும் பையன். எதிரணியினர் நீட்டிய கையைப் பிடித்து இழுத்ததில் தோள் கழன்றது. நான்கு மாதத்தில் மூன்று முறை கழன்றபின் வேறோர் இடத்தில் எடுத்த ஸ்கேனில் 'லேப்ரம் இயல்பு' என்று ரிப்போர்ட் வந்தது. பயிற்சியாளர் அதை நம்பி மறுபடி களத்தில் இறக்கினார். அந்தப் படத் தகட்டைத் திரையில் போட்டதும் எனக்குத் தெரிந்தது: கை முழுவதும் உள்பக்கம் திரும்பியிருந்தது, முன்-கீழ் மூலை ஒரே கறுப்புத் திட்டாகக் கிடந்தது. ஆர்த்ரோகிராம் செய்து, கையை வெளிப்பக்கம் திருப்பி எடுத்தோம். குழியைக் கடிகார முகமாக நினைத்தால், 3 மணி முதல் 5 மணி வரையிலான இடத்தில் லேப்ரம் விளிம்பை விட்டுக் கழன்று, எலும்பின் கழுத்துப் பக்கம் சரிந்து அங்கேயே ஒட்டி ஆறியிருந்தது. அல்ப்சா என்று இதற்குப் பெயர். ஆறிப்போனதுபோல் இருக்கும், ஆனால் பிரிமணை குடத்துக்கு அடியில் இல்லை.

இத்தகைய சந்தேகத்துக்கு இன்னொரு நிலையும் உண்டு. உள்ளங்கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, படுக்கையில் ஓய்வாகக் கிடப்பதுபோலப் படுக்கச் சொல்வோம். ஏபர் நிலை என்பார்கள். கீழ்த் தசைநார் இழுபட்டு, அது பற்றியிருக்கும் லேப்ரத்தையும் இழுக்கும். ஒட்டிக் கிடந்த கிழிசல் திறக்கும். கை கழன்றுவிடுமோ என்று அஞ்சுபவரை இதற்குக் கட்டாயப்படுத்தக் கூடாது.

படங்களை மூன்று தளங்களில் எடுக்க வேண்டும்: குறுக்குவெட்டு, குழிக்குச் செங்குத்தான சாய்வு வெட்டு, குழிக்கு இணையான சாய்வு வெட்டு. துண்டின் தடிமன் 3 மில்லிமீட்டரைத் தாண்டாமல், 14 முதல் 16 சென்டிமீட்டர் அகலப் பரப்புக்குள் தோளை மட்டும் நெருக்கி எடுத்தால்தான் இவ்வளவு சிறிய வளையம் தெளியும். சாதாரண ஸ்கேனில் கொழுப்பின் ஒளியை அடக்கிய புரோட்டான் டென்சிட்டி என்ற வகைப் படங்கள் உழைக்கும். மருந்து செலுத்தியிருந்தால் கொழுப்பை அடக்கிய டி1 படங்கள் (டி1, டி2 என்பவையும் எம்.ஆர்.ஐ. பட வகைகள்தான்). ஆர்த்ரோகிராமிலும் டி2 வகைப் படம் ஒன்றாவது இருக்கட்டும். மூட்டோடு தொடர்பில்லாத நீர்க்கட்டிக்குள் செலுத்திய மருந்து போகாது, டி1 படத்தில் அது தப்பிவிடும்.

ஆறாம் படி: கடிகாரம்போல் சுற்றிவருவது

குழியைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே 12, கீழே 6. எந்தத் தோளானாலும் முன்பக்கத்தை 3, பின்பக்கத்தை 9 என்று கொள்வது பரவலான வழக்கம்.

இயல்பான லேப்ரம் எல்லாப் படங்களிலும் கறுப்பாக, குறுக்குவெட்டில் பெரும்பாலும் முக்கோணமாகத் தெரியும். முனை மழுங்கியிருந்தால் மட்டும் நோய் என்று சொல்லிவிடக் கூடாது. நான் தேடுவது இவற்றை: கறுப்புக்குள் வெள்ளைக் கோடு புகுந்து விளிம்புவரை போகிறதா, லேப்ரத்துக்கும் எலும்புக்கும் நடுவே திரவம் நுழைகிறதா, லேப்ரம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையா, பக்கத்தில் நீர்க்கட்டி இருக்கிறதா.

3 முதல் 6 வரையிலான முன்-கீழ்ப் பகுதி தோள் கழன்றவர்களுக்கான இடம். இங்கே லேப்ரம் பிய்ந்து விலகுவதை, 1923இல் அதை எழுதிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் பேங்கார்ட்டின் பெயரால் அழைக்கிறோம். விளிம்பு எலும்பும் உடைந்து வந்தால் எலும்புப் பேங்கார்ட். எலும்பு உறை கிழியாமல் உரிந்து மட்டும் வந்தால், அதற்கு முன்பே, 1906இல், அதை எழுதிய ஜெர்மானியர் பெர்த்தெஸின் பெயர். இந்த வகையில் லேப்ரம் தன் இடத்திலேயே படுத்துக்கொள்வதால் ஏபர் நிலை இல்லாமல் பிடிபடுவது கடினம். பெயர்கள் வெறும் அலங்காரமல்ல. எதை எங்கிருந்து விடுவித்து எங்கே தைக்க வேண்டும் என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும்.

11 முதல் 1 வரையிலான மேல் பகுதியில் முன்னிருந்து பின்னாக ஓடும் கிழிசலுக்கு ஸ்லாப் என்று பெயர். 1990இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்னைடரும் சகாக்களும் இதை நான்காகப் பிரித்தார்கள். முதல் வகையில் பழைய பிரிமணையின் நார்போல விளிம்பு பிசிறியிருக்கும், வேர் உறுதியாக இருக்கும். இரண்டாம் வகையில் பைசெப்ஸ் வேரோடு சேர்ந்து லேப்ரம் கழன்றிருக்கும். மூன்றாம் வகையில் வாளியின் கைப்பிடிபோல நடுப்பகுதி பிரிந்து மூட்டுக்குள் தொங்கும், வேர் தப்பியிருக்கும். நான்காம் வகையில் அந்தக் கிழிசல் பைசெப்ஸ் நாணுக்குள்ளேயே ஏறிவிடும். பின்னர் வந்தவர்கள் இன்னும் பல வகைகளைச் சேர்த்தார்கள். எண் எதுவாக இருந்தாலும், பைசெப்ஸ் வேர் உறுதியாக இருக்கிறதா என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வேண்டும்.

7 முதல் 11 வரையிலான பின்பகுதியை அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். தரையை ஊன்றித் தள்ளும் பயிற்சியிலோ பெஞ்ச் பிரஸ்ஸிலோ தோளின் பின்புறம் வலிக்கிறது என்று வருபவருக்கு இங்கேதான் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: கிழிசல்போல் ஏமாற்றுபவை

புதிதாகப் படம் பார்ப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பிறவியிலேயே அமைந்த இடைவெளியைக் கிழிசல் என்று எழுதி, அதைத் தைத்துவிட்டால் தோள் இறுகிப்போகும்.

மேலே 12 மணி அருகே லேப்ரத்துக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே இயல்பாகவே ஒரு பள்ளம் பலருக்கு உண்டு. அதன் ஓரம் வழவழப்பாக இருக்கும், குழியின் வளைவைத் தழுவி உடலின் நடுப்பக்கம் நோக்கிப் போகும். ஸ்லாப் கிழிசல் ஒழுங்கற்ற ஓரத்தோடு வெளிப்பக்கம் லேப்ரத்துக்குள் வளையும், பைசெப்ஸ் வேரைத் தாண்டிப் பின்பக்கமும் நீளும். 1 முதல் 3 வரையிலான முன்-மேல் பகுதியில் சிலருக்கு லேப்ரத்தின் கீழே துளை இருக்கும். இன்னும் சிலருக்கு அந்த இடத்தில் லேப்ரமே இருக்காது, பதிலாக நடுத் தசைநார் கயிறுபோல் தடித்திருக்கும். இதை ப்யூஃபோர்ட் அமைப்பு என்பார்கள். முன்-மேல் காற்பகுதியில் மட்டும், 3 மணிக்குக் கீழே இறங்காமல் பிரிவு தெரிந்தால் நான் இருமுறை யோசித்துத்தான் 'கிழிசல்' என்று எழுதுவேன்.

லேப்ரத்தின் அடியில் நுழைந்திருக்கும் குருத்தெலும்பும் சாம்பல் கோடாகத் தெரிந்து கிழிசலாக வேடமிடும். அது திரவம் அளவுக்கு வெளுக்காது. நார்கள் முதன்மைக் காந்தப் புலத்துக்கு 55 பாகை சாய்ந்து ஓடும் இடங்களில் சில படங்களில் பொய்யான வெளுப்பு வரும். டி2 படத்தில் அது மறைந்துவிடும்.

எட்டாம் படி: அக்கம்பக்கம்

தோள் முன்பக்கம் கழலும்போது மேற்கை எலும்பின் தலை குழியின் விளிம்பில் இடித்து, தலையின் பின்-வெளிப்பக்கத்தில் பள்ளம் விழும். 1940இல் எழுதிய இருவரின் பெயரால் இது ஹில்-சாக்ஸ் பள்ளம். இதைப் பார்த்தால், லேப்ரம் நன்றாகத் தெரிந்தாலும் முன்-கீழ் விளிம்புக்குத் திரும்பிப் போய் மறுபடி தேடுவேன். குழியின் எலும்பு எவ்வளவு தேய்ந்து போயிருக்கிறது என்பதும் முக்கியம். 20 முதல் 25 சதவீதத்தை நெருங்கினால் லேப்ரத்தைத் தைப்பது மட்டும் போதாது, எலும்பை ஒட்டும் சிகிச்சை பேச்சுக்கு வரும். அளவை உறுதிசெய்ய முப்பரிமாண சி.டி. ஸ்கேன் கேட்பார்கள். தசைநார் மேற்கை எலும்பின் பக்கம் பிய்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். லேப்ரத்திலேயே கண் நிலைத்துவிட்டால் இது தப்பிவிடும். நீர்க்கட்டி இருந்தால் அது எந்த நரம்புப் பாதையில் இருக்கிறது, தசை இளைத்திருக்கிறதா என்றும் எழுத வேண்டும்.

ஒன்பதாம் படி: ரிப்போர்ட்டை ஆளோடு பொருத்துவது

52 வயது ஆசிரியை ஒருவர் வந்தார். கரும்பலகையின் மேல்வரியில் எழுதக் கை எழவில்லை, இரவில் அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியவில்லை. கையில் இருந்த ரிப்போர்ட்டில் 'ஸ்லாப் கிழிசல்' என்ற சொல் தடித்த எழுத்தில் இருந்தது. அறுவை சிகிச்சைக்குத் தேதிகூட வாங்கிவிட்டார். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன். கை நகரவில்லை, நான் திருப்பினாலும் நகரவில்லை. பல வருடச் சர்க்கரை நோய். படத்தில் அக்குள் பக்க மூட்டு உறை தடித்திருந்தது. அவருக்கு இருந்தது தோள் இறுக்கம், 'ஃப்ரோசன் ஷோல்டர்'. அவரை அனுப்பிய எலும்பு மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். தேதி ரத்தானது, உடற்பயிற்சி சிகிச்சை தொடங்கியது. லேப்ரத்தின் பிசிறல் அந்த வயதுக்குரியது.

2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. தோளில் எந்தத் தொல்லையும் இல்லாத 45 முதல் 60 வயதுக்காரர்கள் 53 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்து, இரண்டு கதிரியல் மருத்துவர்களிடம் தனித்தனியே காட்டினார்கள். ஒருவர் 55 சதவீதத்தினருக்கும் மற்றவர் 72 சதவீதத்தினருக்கும் லேப்ரத்தின் மேல் பகுதியில் கிழிசல் இருப்பதாகச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் வலி கிடையாது.

ஆகவே ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மருத்துவரிடம் கேளுங்கள்: கிழிசல் கடிகாரத்தில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை? வெறும் பிசிறலா, கழன்றிருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா? என் வலி வரும் அசைவுக்கும் இந்த இடத்துக்கும் பொருத்தம் உண்டா? எலும்பு இழப்பு எவ்வளவு? 20 வயதில் தோள் கழன்று பேங்கார்ட் கிழிசல் உள்ளவருக்கும், 50 வயதில் ஸ்லாப் பிசிறல் உள்ளவருக்கும் ஒரே பதில் வராது. முதலாமவருக்கு மறுபடி கழலும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால் தையல் பற்றிச் சீக்கிரமே பேசுவார்கள். இரண்டாமவருக்குப் பெரும்பாலும் சில மாதப் பயிற்சிதான் முதல் சிகிச்சை.

படத்தில் தெளிவில்லை, அறிகுறியோ பலமாக இருக்கிறது என்றால், மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஆர்த்ராஸ்கோபிதான் கடைசிச் சொல். அங்கே கொக்கியால் லேப்ரத்தை நேரடியாக நெம்பிப் பார்க்கலாம்.

இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறவர்கள் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். முழுப் படங்களும் அடங்கிய குறுந்தகட்டை ஸ்கேன் மையத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிச்சப் பெட்டியில் மாட்டும் பிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். அந்தக் கபடிப் பையனின் கை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது தகட்டில் இருந்த படங்களில்தான் தெரிந்தது.